வலது பக்கம் மட்டும்: வீட்டில் உப்புநீரால் மூக்கு கழுவிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் செவிலியராக இருக்கிறேன். மூக்கு கழுவும் முறையை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. இங்கே எழுதுவது ஒரு பெண்ணுக்கு ஆறு மாத காலத்தில் நடந்தது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வயது 38. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியைப் புரட்டிப் பார்த்து, நூல் பிசிறை வெட்டி, ஓட்டை இருந்தால் ஒதுக்கி அடுக்க வேண்டும். நாள் முழுக்கக் குனிந்த தலை, சுற்றிலும் பஞ்சுத் தூசி. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை சளி பிடிக்கும், ஒரு வாரத்தில் போய்விடும். ஆஸ்துமா கிடையாது.

தீபாவளி விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த வாரத்தில் பிடித்த சளி மட்டும் போகவில்லை. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. மூக்கடைப்பும் தலைபாரமும் அப்படியே தங்கிவிட்டன. குனிந்தால் கன்னத்தில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். வாசம் போய்விட்டது. "குழம்புக்குப் பெருங்காயம் போட்டேனா இல்லையான்னே தெரியலைங்க சிஸ்டர்" என்றார்.

கிளினிக்குக்கு வரும் முன் வீட்டில் நடந்தவை

மாமியார் நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு ஆவி பிடிக்க வைத்தார். ஆவி பிடிக்கும்போது மூக்கு திறக்கும், சுகமாக இருக்கும், அரை மணியில் மறுபடி அடைத்துக்கொள்ளும். அப்புறம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டார். நன்றாகக் கேட்டது, நிறுத்திய ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. இந்த ஒரு வரியை நாங்கள் முதல் நாளே இன்னும் கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு மூக்கில் விடும் சொட்டு மருந்து, சைலோமெட்டாசோலின். விட்ட ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துவிடும் என்பதால் அது கைப்பையிலேயே இருந்தது. முதலில் இரவு மட்டும், அப்புறம் இரண்டு வேளை, அப்புறம் கம்பெனியில் டீ நேரத்திலும். எங்களிடம் வந்தபோது மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இந்த வகைச் சொட்டு மருந்து மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் வழிவிடுகிறது. ஐந்து நாளைத் தாண்டித் தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கும்போதெல்லாம் முன்னைவிட அதிகமாக வீங்கும். அடைப்பை எடுக்கும் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

கடைசியாகத் தோழி ஒருவர் போனில் காட்டிய ஜலநேதி வீடியோவைப் பார்த்து மூக்கு கழுவத் தொடங்கினார். மாமியாருக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. ஏற்கெனவே தலையில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் தண்ணீர் விட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் சரியில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

அவர் செய்தது இது. கேன் தண்ணீரை, கொதிக்க வைக்காமல், மார்கழிக் காலையின் சில்லிப்போடு ஒரு டம்ளர் எடுத்தார். கல்லுப்பை இடித்து ஒரு கரண்டி கும்பாகப் போட்டார். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றினார். மிளகாய்த்தூள் பட்டது போல எரிந்தது, புரையேறியது. மிச்சத் தண்ணீரை வெளியேற்ற ஒரு பக்க மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பலமாகச் சிந்தினார். வலது காது அடைத்துக்கொண்டு இரண்டு நாள் வலித்தது. அந்தக் காது வலிக்காகத்தான் எங்களிடம் வந்தார்.

முதல் நாள் பார்த்தது

ஜனவரி முதல் வாரம். சளி பிடித்துப் பத்தாவது வாரம். பன்னிரண்டு வாரம் தொடர்ந்தால் அதை நாள்பட்ட சைனஸ் அழற்சி என்பார்கள். இவர் அந்த வாசலில் நின்றார்.

காய்ச்சல் இல்லை. சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. சைனஸ் தொந்தரவு என்று யார் வந்தாலும் எங்கள் மருத்துவர் சர்க்கரை பார்க்காமல் விடுவதில்லை. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சையால் கண்ணை இழந்தவர்களைப் பார்த்ததிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. காதுக்குள் சவ்வு லேசாக உள்வாங்கியிருந்தது, ஓட்டை இல்லை, சீழ் இல்லை. வலது கன்னத்தை அழுத்தினால் இடதைவிட வலி கூடுதல். மூக்குக்குள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கிச் சிவந்திருந்ததால் குழாய்க் கேமராவை வலது பக்கம் ஆழமாகக் கொண்டுபோக முடியவில்லை.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடைத்திருந்தது சொட்டு மருந்தின் வேலை. அது உள்ளே இருந்த இன்னொன்றை மூடி மறைத்துக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

சொட்டு மருந்தை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒரேயடியாக நிறுத்தினால் தூங்க முடியாது என்று பயந்தார். அதனால் முதலில் இடது பக்கம் மட்டும் நிறுத்தி, அது திறந்த பிறகு வலது பக்கம் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். கூடவே மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. அது உடனே வேலை செய்யாது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே மருந்து கேட்கவில்லை என்று மூலையில் போட்டுவிடுவார்கள்.

ஆன்டிபயாடிக் மறுபடி கொடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை, முகத்தில் வீக்கம் இல்லை, ஏற்கெனவே ஒரு சுற்று முடிந்திருந்தது. காது வலி அடங்கும்வரை நான்கு நாள் மூக்கு கழுவ வேண்டாம், அதன் பிறகு காலை மாலை இரண்டு வேளை, பத்து நாள் கழித்து வந்து காட்ட வேண்டும் என்று முடிவானது.

மறுபடியும் கழுவச் சொன்னதில் அவருக்கு ஆச்சரியம். கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறைக்கு வாசல் கீழே இல்லை, மேலே இருக்கிறது. நிமிர்ந்து நின்றால் சளி தானாக வடியாது. உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள்தான் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட வேண்டும். சளி கெட்டியாகி, தூசி படிந்து, வாசலும் வீங்கிவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். உப்புநீர் அறைக்குள் போய்க் கழுவுவதில்லை. மூக்கின் உள்பாதையையும் வாசலைச் சுற்றியும் கழுவி, சளியை இளக்கி, பஞ்சுத் தூசியைக் கொண்டுபோய்விடுகிறது. நாள்பட்ட சைனஸுக்கு உப்புநீர் கழுவலைப் பரிந்துரைக்கிறது 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல். இதை ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன். மாமியாரும் எட்டிப் பார்த்தார்.

தண்ணீரும் உப்பும்

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான்.

குடிக்கிற தண்ணீர்தானே, மூக்கில் விட்டால் என்ன என்று எல்லாரும் கேட்கிறார்கள். வயிற்றுக்குள் போகும் கிருமியை அமிலம் பார்த்துக்கொள்ளும், மூக்கின் உச்சியில் அப்படி ஒரு காவல் இல்லை. நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாகப் போனால் வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறும், வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலரே. 2024-இல் கேரளத்தில் ஆற்றிலும் குளத்திலும் குளித்த பிள்ளைகள் சிலர் இதனால் இறந்ததைச் செய்தியில் எல்லாரும் படித்தோம். 2011-இல் அமெரிக்காவின் லூசியானாவில் இறந்த இருவர் குளத்துக்கே போகவில்லை, வீட்டுக் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவியவர்கள். இது மிக அரிதாக வருவது. ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இல்லாமலே போகும் ஆபத்து.

"அப்ப நான் சொன்னது சரிதானுங்க கண்ணு?" என்று மாமியார் கேட்டார். தண்ணீர் விஷயத்தில் சரிதாங்க அம்மா என்றேன். அந்த நிமிடத்திலிருந்து தண்ணீர் கொதிக்க வைக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். இந்த வீட்டில் முறை தவறாமல் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கேன் தண்ணீரானாலும், வடிகட்டி இயந்திரத்துத் தண்ணீரானாலும் கொதிக்க வைக்காமல் கூடாது. தளதளவென்று கொதி வந்த பிறகு முழுதாக ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். இவருடைய அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஊட்டியில், பொங்கலுக்கு அங்கே போவதாக இருந்தார். அங்கே மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள் என்றேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியை எட்டும் முன்பே, 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கொதித்த தண்ணீரை மூடிய சுத்தமான பாத்திரத்தில் ஆற வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. இங்கே எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு: மாநகராட்சியின் நல்ல தண்ணி, போரில் வரும் உப்புத் தண்ணி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்திருக்கும் உப்பு எங்கேயும் போகாது. லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் காட்டும் போர் தண்ணீர் என்றால் அதிலேயே 2 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதன் மேல் நாம் அளந்து போட்டால் அளவு தப்பிவிடும். எனவே நல்ல தண்ணி மட்டும்.

உப்பு லிட்டருக்கு 9 கிராம். நம் ரத்தத்தின் உப்புக் கரிப்புக்கு இணையான அளவு அது, அதனால்தான் எரியாது. 200 மில்லி டம்ளருக்கு 1.8 கிராம், அதாவது தலைதட்டிய டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இவர் கும்பாகப் போட்டது அதைப் போல நாலைந்து மடங்கு. உப்பே போடாமல் விட்டாலும் எரியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கரண்டிக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறுகிறது என்பதால் மருந்துக் கடையில் விற்கும் அளந்த பொட்டலமும் அழுத்தும் புட்டியும் வாங்கச் சொன்னேன். பொட்டலத்தில் உப்போடு கொஞ்சம் சமையல் சோடாவும் இருக்கும், அது எரிச்சலை இன்னும் குறைக்கும்.

கிளினிக் வாஷ்பேசினிலேயே ஒரு தடவை செய்யவைத்தேன். தண்ணீர் உள்ளங்கைச் சூட்டில் இருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து ஒருபக்கம் சாய்க்க வேண்டும். வாயைத் திறந்து 'ஆ' என்று சொல்லிக்கொண்டே மெல்ல அழுத்தினால் தொண்டைக்குள் இறங்காது. மேல் துளையில் விட்டது கீழ்த் துளையில் வந்தது. "எரியலைங்க!" என்று நிமிர்ந்தார், முகமெல்லாம் தண்ணீர். முடிந்ததும் இரண்டு துளையையும் திறந்து வைத்தபடியே மெல்லச் சிந்த வேண்டும். ஒன்றை அடைத்துக்கொண்டு சிந்தினால் அழுத்தம் காதுக்குப் போகும், அவர் காது வலித்தது அதனால்தான்.

முதல் பத்து நாள்

ஐந்தாம் நாள் கழுவத் தொடங்கினார். அன்று வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கழுவிவிட்டுப் போய், செக்கிங் மேசையில் குனிந்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று துணி மேல் கொட்டியது. சூப்பர்வைசர் முன்னால் கூச்சமாகிவிட்டது. உள்ளே தங்கும் தண்ணீர் குனியும்போது வடிவது இயல்பு. இதை நான் முன்கூட்டிச் சொல்ல மறந்தது என் தவறு. அடுத்த நாளிலிருந்து கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவி, இரண்டு மூன்று தடவை குனிந்து வடியவிட்டார்.

ஸ்பிரேயைக் கழுவிய பின் கொஞ்ச நேரம் விட்டு அடித்தார். புட்டியை ஒவ்வொரு தடவையும் கொதித்து ஆறிய தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்தார். ஈரத்தோடு மூடி வைத்த புட்டியில் கிருமி வளரும், அப்புறம் அதையே மூக்குக்குள் பீய்ச்சுவோம்.

இடது பக்கம் ஆறாம் நாள் திறந்தது. சொட்டு மருந்து முழுதாக நின்றது பதினோராம் நாள்.

மகளின் நோட்டுப் புத்தகம்

நாங்கள் கொடுக்கும் தாளில் கழுவிய நேரமும் அடைப்பு குறைந்ததா என்பதும்தான் எழுத இடம் இருக்கும். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் அது போதாது என்று அவளாகவே கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதிவந்தாள். மறுபரிசோதனைக்கு வந்தபோது அம்மா எங்கள் தாளை நீட்டினார். பெண் கூச்சத்தோடு நோட்டைக் காட்டினாள்.

இடது: தண்ணி மாதிரி. வலது: மஞ்சள், நாத்தம். மறுநாளும் அதே. ஆறு நாளும் அதே.

வந்தவருக்கு வாசமே தெரியாது. அந்த நாற்றத்தை அவரால் சொல்லியிருக்க முடியாது. பக்கத்தில் நின்ற பிள்ளைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் அம்மாவுக்கு வாசம் லேசாகத் திரும்பியபோது முதலில் தெரிந்ததே அதுதான்: "ஏதோ அழுகின மாதிரி, மூக்குக்குள்ளயே இருக்குதுங்க."

மருத்துவர் அந்த நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். வீக்கம் வடிந்திருந்ததால் இந்த முறை கேமரா வலது பக்கம் உள்ளே போனது. சைனஸ் வாசலில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் சுத்தமாக இருந்தது. ஒவ்வாமையோ தூசியோ காரணம் என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரே பக்கம், அதுவும் நாற்றத்தோடு என்றால் முதலில் பார்க்க வேண்டியது மேல் கடைவாய்ப் பல். அந்தப் பற்களின் வேர் நுனிகள் கன்ன சைனஸின் தரையை ஒட்டியே இருக்கின்றன, இடையில் மெல்லிய எலும்புதான்.

பல்லில் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் வலது மேல் கடைவாயில் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டிருக்கிறார். வலி இல்லாததால் சொல்லத் தோன்றவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆன்டிபயாடிக் சாப்பிட்டபோது சரியாகி, நிறுத்தியதும் திரும்பியதன் பொருள் அப்போதுதான் புரிந்தது. ஊற்றுக்கண் பல்லில் இருந்தால் சைனஸுக்கு என்ன செய்தாலும் திரும்பத் திரும்ப வரும்.

பல்லும் அதன் பின்னும்

சி.டி. ஸ்கேனில் வலது கன்ன சைனஸ் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது, கேப் போட்ட பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. பல் மருத்துவர் இரண்டு வழிகளையும் சொன்னார்: வேர் சிகிச்சையைத் திரும்பச் செய்வது அல்லது பல்லை எடுப்பது. ஒரு வேரில் விரிசல் தெரிந்ததால் எடுப்பதுதான் நல்லது என்றார். பிப்ரவரி தொடக்கத்தில் எடுத்தார்கள். இந்தத் தடவை ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள்.

பல் எடுத்த பிறகு இரண்டு வாரம் மூக்கு கழுவலை நிறுத்தினோம். அங்கே வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை விழ வாய்ப்பு உண்டு. அழுத்திக் கழுவுவதும் பலமாகச் சிந்துவதும் ஆறும் புண்ணைப் பிரித்துவிடும். தும்மல் வந்தாலும் வாயைத் திறந்து தும்மச் சொன்னோம். அந்த இரண்டு வாரமும் மூக்கில் உப்புநீர்ச் சாரல் மட்டும். புண் மூடியதைப் பல் மருத்துவர் உறுதிசெய்த பிறகு மறுபடி தொடங்கினார்.

மார்ச் கடைசியில் நாற்றம் முழுதாக நின்றது. கன்னப் பாரம் அதற்கு முன்பே போயிருந்தது. ஏப்ரலில் கேமராவில் பார்த்தபோது வலது வாசல் திறந்து சுத்தமாக இருந்தது. சைனஸ் அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை. ஸ்பிரேயை மருத்துவர் நிறுத்தினார். கழுவுவதை அந்தப் பெண் நிறுத்தவில்லை, வேலை நாட்களில் மாலையில் ஒரு வேளை, தூசி போக. புட்டியை மூன்று மாதத்துக்கு ஒன்று மாற்றுகிறார்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

மூக்கு கழுவியது நோயைக் குணமாக்கவில்லை, பல்லை எடுத்ததுதான் குணமாக்கியது. ஆனால் சொட்டு மருந்தைவிட்டு வெளியேற அது துணை நின்றது, எந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று காட்டியது. அதை நாங்கள் கேட்காமல் இருந்ததுதான் குறை. முதல் நாளே பல்லைப் பற்றிக் கேட்டிருந்தால் ஸ்கேன் இரண்டு வாரம் முன்னால் நடந்திருக்கும், அந்த இரண்டு வாரமும் அந்தப் பெண் வலியோடு குனிந்து நிற்க வேண்டியிருந்திருக்காது.

இப்போது சைனஸ் என்று வருகிற ஒவ்வொருவரிடமும் மேல் கடைவாய்ப் பல்லில் வலி, கேப், பழைய சிகிச்சை உண்டா என்று நானே கேட்டுக் குறித்துவிடுகிறேன். வாசம் தெரியாதவர் என்றால் வீட்டில் இன்னொருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், கடும் தலைவலியோடு காய்ச்சல், கழுத்து விறைப்பு, முகம் மரத்துப்போதல், கருப்பாக வடிதல், இவற்றில் எது வந்தாலும் புட்டியைக் கீழே வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைத் தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறோம். காது வலி இருப்பவர், மூக்கில் அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்தவர், ஒரு துளிகூட உள்ளே போகாத அளவுக்கு அடைத்திருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்பது அதற்கு அடுத்த வரி.

தாளின் கீழ்ப்பாதியில் இப்போது கட்டங்கள் இருக்கின்றன: தேதி, இடது, வலது, நிறம், நாற்றம். அந்தப் பெண் பிள்ளை கணக்கு நோட்டில் போட்டிருந்த அதே கோடுகள்தான்.